சிறுத்த இரைப்பையும் நெடிய பாதையும்

பெரியகுளத்துக்கு அருகே வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் கூடுகிற பூண்டுச் சந்தைக்குள் ஒரு முறை போய் வந்தவனுக்கு, வீடு திரும்பிக் குளித்துச் சட்டையை மாற்றிய பிறகும், அந்த நெடி மூக்கை விட்டு அகல ஒரு நாள் பிடிக்கும். கொடைக்கானல் மலைமேல் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளைந்து, புகை காட்டிப் பதப்படுத்தப்பட்டு, மூட்டை மூட்டையாக இங்கே வந்து விலையாகிற மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பயிரிட்டவர்களைக் காட்டிலும் விற்றுக் கொடுப்பவர்களே அதிகம் பூரித்தார்கள் என்று தோன்றுமளவுக்கு, பூண்டு இவ்வூரின் ஜீவனத்தோடு பிணைந்த சரக்கு. அங்கே கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நாற்காலி முனகும்படியான சரீரமுடையவர், சென்ற மாதம் தம் கைபேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, வகுத்த அறுத்துச் சின்னதாக்கிப்புட்டு ஒரு ஆளு நாப்பது கிலோமீட்டர் ஓடுறானாம்ல? சோறே திங்க முடியாதவன் எப்படிண்ணே ஓடுவான்?"

வேடிக்கைக்காகக் கேட்டதைப் போலிருந்தாலும், கேள்வி அதன் சரியான இடத்தைத் தொட்டிருந்தது. உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மாரத்தான் ஓடுவதும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பதும், கடலில் நீந்துவதும் இன்று உலகில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன; ஆனால் எரிபொருள் தொட்டியைச் சுருக்கிய வண்டியை எவ்விதம் நெடும்பயணத்துக்கு அனுப்புவது என்ற சந்தேகம், வண்டி ஓட்டும் எவனுக்கும் நியாயமாக எழக்கூடியதே.

இந்தச் சிகிச்சை நேற்று முளைத்ததல்ல. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலிய வைத்தியர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் முறையொன்றை வெளியிட்டார்கள். அது எடையைக் குறைத்ததோடு நில்லாமல் ஈரல் முதலானவற்றையும் சேர்த்துக் கெடுத்ததனால் காலப்போக்கில் கைவிடப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில், அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன், இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட நோயாளிகள் இளைத்துப்போவதைக் கண்டு, அந்தத் தீங்கையே ஒரு நன்மையாகத் திருப்பினால் என்னவென்று யோசித்ததில் பிறந்ததுதான் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை, அதாவது 'பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய முப்பது மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்தெடுத்துச் சிறுகுடலில் சற்றுக் கீழான பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். முப்பது மில்லி என்றால் எவ்வளவு என்று நண்பர் கேட்டார். அவர் தராசுத் தட்டில் கிடந்த மலைப்பூண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு தம் வயிற்றைப் பார்த்தார், பிறகு எதிர்க்கடையில் புரோட்டா தட்டுகிறவரைப் பார்த்தார்.

இப்போது அதிகமாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' எனப்படும் இன்னொரு வகை. இரைப்பையின் புடைத்த பக்கமாக முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம்போல் ஒடுங்கிய ஒரு குழாயை மிச்சம் வைக்கிறார்கள். வெட்டப்படும் பகுதியில்தான், 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த 'கிரெலின்' என்னும் பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. ஆகவே இடம் குறைவதோடு பசியும் சில காலம் அடங்கிப்போகிறது. பட்டினி கிடந்து இளைக்க முயன்று தோற்றவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயத்தின் அருமை தெரியும்.

யாருக்கு இது தகும் என்பதற்குக் கணக்கு உண்டு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ.; ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள ஒருவர் நூறு கிலோ இருந்தால் அது ஏறத்தாழ 34.5. முன்பு நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், வேறு வியாதிகளோடு முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குமே என்றிருந்த விதியை, 2022-இல் சர்வதேச வைத்திய சங்கங்கள் தளர்த்தின. குறைந்த எடையிலேயே நீரிழிவு பற்றிக்கொள்ளும் ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. யோசிக்கலாம் என்பதற்கும் செய்தே ஆகவேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை வாசகர் மறக்கலாகாது. 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னைக்கருகே ஒரு தனியார் மருத்துவமனையில் இத்தகைய சிகிச்சைக்காகச் சேர்ந்து உயிரிழந்ததும், அரசு விசாரணை நடத்தியதும் பத்திரிகைகளில் வந்தவை. தீவிர சிகிச்சைக்கான வசதியும், பழகிய கைகளும் உள்ள இடந்தானா என்று கேட்பதில் எந்த நோயாளியும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஓட்டத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாள்தோறும் காலையில் வானிலை சொல்லும் ஆல் ரோக்கர் என்பவர் 150 கிலோவுக்கு மேல் இருந்தார். நியூயார்க் நகரில் பேருந்து ஓட்டியவரான அவருடைய தந்தை 2001-இல் மரணப்படுக்கையில் கிடந்தபோது, பேரப்பிள்ளைகளை வளர்க்க நீ இருக்கவேண்டும், எடையைக் குறைப்பதாக வாக்குக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 2002 மார்ச்சில் ரோக்கர் பைபாஸ் சிகிச்சை செய்துகொண்டு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோ இளைத்தார். கதை இத்துடன் முடிந்திருந்தால் அது விளம்பரம். சில ஆண்டுகள் கழித்துத் தாயார் நோயுற்றிருந்த காலத்தில் மனம் சோர்ந்து பதினெட்டுக் கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். சுருக்கிய இரைப்பையும் பிடிவாதமாகக் கொறிப்பவனுக்கு மெல்ல இணங்கிப்போகும் என்பதற்கு அவர் சாட்சி. பின் எழுந்து நடந்து, ஓடி, 2010 நவம்பர் 7-ஆம் தேதி நியூயார்க் மாரத்தானை ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு முடித்தார். சிலி நாட்டுச் சுரங்கத்தில் 69 நாள் புதைந்து கிடந்து அதற்கு முந்தைய மாதந்தான் மீட்கப்பட்ட தொழிலாளி எடிசன் பென்யாவும் அதே ஓட்டத்தில் ஓடி ஆறு மணி நேரத்துக்குள் முடித்தார். சுரங்கத்திலிருந்து வந்தவர் முந்திவிட்டதில் ரோக்கருக்கு வருத்தம் இருந்திருக்க நியாயமில்லை. ஏழு மணி நேரம் விடாமல் நகர்ந்துகொண்டிருப்பதும் லேசான காரியமல்ல.

இனி நண்பரின் கேள்வி. ஓடுகிறவன் சரீரத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கலோரி செலவழிக்கிறான் என்பது பழைய உத்தேசக் கணக்கு. எண்பது கிலோ மனிதர் 42 கிலோமீட்டர் ஓடினால் 3,300-க்கு மேல் ஆகிறது. தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பது இரண்டாயிரம் கலோரி அளவே. முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் அது தீர்ந்து கால்கள் ஈயக்குண்டாகிவிடுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதங்களிலோ ஒருவர் நாள் முழுவதும் உண்பது ஆயிரம் கலோரியைத் தொடுவதே அரிது. கணக்கு எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் இடிக்கிறதல்லவா? அதனாலேயே விவேகமுள்ள வைத்தியர்கள், அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைப்பார்களே தவிர, எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் முதல் ஆண்டில் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆசைப்பட விடுவதில்லை. எடை நிலைப்பட்டு ஆகாரம் ஓரளவு விரிந்த பிறகே அந்தப் பேச்சு.

அப்போதும் மற்ற ஓட்டக்காரர்கள் போல் நடந்துகொள்ள முடியாது. அவர்கள் வழியில் சர்க்கரைப் பாகு போன்ற 'ஜெல்'லைப் பிழிந்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பைபாஸ் செய்தவர் அப்படிச் செய்தால், சர்க்கரை இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் கொட்டி, நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு பிசைந்து, ஓரமாக உட்காரவைத்துவிடும். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். சிலருக்கு இரண்டொரு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கமும் வரும். ஆதலால் அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு தண்ணீர், அரை மணிக்கு ஒரு கவளத்திலும் சிறிய கவளம் என்று, குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல் தமக்குத் தாமே புகட்டிக்கொண்டு ஓடவேண்டும். எந்தப் பொருள் தம் வயிற்றில் தங்கும் என்பதைப் பந்தயத்தன்று பரீட்சை செய்யாமல், மாதக்கணக்கில் பயிற்சியிலேயே பார்த்து வைத்திருக்கவேண்டும். நம் பக்கத்து வெயிலுக்கு உப்புப் போட்ட நீர்மோரும், உப்பிட்ட உருளைக்கிழங்குத் துண்டும் ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பது, கடையில் விற்கும் பாகைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்டலாம் என்ற வழி அவருக்கு அடைபட்டுவிட்டதனால், சித்திரை மாதத்தில் காலை ஏழு மணிக்குமேல் அவர் ரோட்டில் இருக்கவே கூடாது.

இன்னொரு சங்கதி உண்டு. அதை விளக்கப் பூண்டே உதவியது. பச்சைப்பூண்டு காயக் காய எடை இழக்கும். ஈரம் போய் எடை குறைந்த பூண்டு கெட்டியாக, பல் திரண்டு, விலை பெறும். பல்லே சுண்டி எடை குறைந்தது கையில் அமுக்கினால் தொளதொளவென்று உள்வாங்கும், அதை ஏலத்தில் யாரும் தொடமாட்டார்கள். நண்பர் இரண்டையும் தராசில் வைக்காமலே விரலால் கண்டுபிடித்துவிடுவார். மனித சரீரத்திலும் வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைக் கருவிக்கு இந்தப் பேதம் தெரியாது. மாடிப்படி ஏறும் கால்களுக்குத் தெரியும். நாளைக்கு அறுபது எண்பது கிராம் புரதமாவது உட்கொள்ளவேண்டும் என்றும், ஓட்டத்துக்கு முன்பாகப் பளு தூக்கித் தசையைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்றும் வற்புறுத்துவது இதனால்தான். முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சமுமாக மூன்று தலைமுறை சாப்பிட்ட நமக்கு, இந்தத் தலைகீழ் வரிசைதான் ஆபரேஷனைவிடக் கடினமான சிகிச்சை.

இரும்புச்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் உறிஞ்சும் குடல்பகுதியைப் பைபாஸ் ஒதுக்கிவிடுவதால் அவற்றையும், கூடவே பி12 வைட்டமினையும் ஆயுள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுக்கவேண்டியிருக்கிறது. இரும்பு குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கமாட்டாமல், ஓடுகிறவருக்கு முதல் மேட்டிலேயே மூச்சு முட்டும். முழங்கால் வலிக்கிறதென்று மருந்துக்கடையில் கேட்டு விழுங்குகிற புரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்கு இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. ஓட்டக்காரர்கள் அவற்றை மிட்டாய்போல் தின்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். தளர்ந்து தொங்கும் தோல் உராய்ந்து புண்ணாவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இறுக்கமான உள்ளாடையும் கொஞ்சம் வாசலினும் அதற்குப் போதும்.

இத்தனையும் கேட்டபின், "குறுக்கு வழின்னுல்லண்ணே சொல்றாய்ங்க?" என்றார் நண்பர். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று சொல்லிச் சிரிப்பவர்கள், பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவனிடம் மனவுறுதியைப் பற்றி உபதேசம் செய்வதில்லை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் நான்கு கிலோ குறைகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நாற்பது கிலோ சுமந்தபடி ஓடு என்று சொல்லியிருந்தால், சிரிப்பவர்களில் எத்தனை பேர் சந்தை வாசலைத் தாண்டியிருப்பார்கள்? தடையை மீறி ஓடியவர் நம்மிடையேயும் உண்டு. விபத்தில் கால் முறிந்து, நீரிழிவும் உள்ள மா. சுப்பிரமணியன், இனி ஓடக்கூடாதென்ற வைத்தியர் சொல்லுக்குப் பிறகும் நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடினார். அவர் தமிழகச் சுகாதார அமைச்சராயிருந்தபோதுதான், 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் வந்தது. எட்டுக் கிலோமீட்டர் நல்ல அளவு. ஓட்டத்தை யோசிக்குமுன் அதை மாதக்கணக்கில் நடக்கவேண்டும்.

நடைக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. 1916 வாக்கில் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை அமையும்வரை, பெரியகுளத்துக்கு அருகில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரர்களையும் அவர்கள் பெட்டிகளையும் மனிதத் தோள்கள் ஏற்றின. நெடுங்காலம் சாலை காணாத மலைக்கிராமமான வெள்ளகவியின் மக்கள் அடிவாரத்துக் கும்பக்கரை வழியாக இறங்கிச் சாமான் வாங்கி, குதிரைமேல் ஏற்றிவிட்டுக் கூடவே நடந்து ஏறியவர்கள். அவர்களுக்கு மெடல் கொடுத்தவர் எவருமில்லை. எண்ணெயும் உப்பும் தீர்ந்துபோனால் இறங்கினார்கள், அவ்வளவே.

நண்பர் ஆபரேஷன் செய்துகொள்வாரா என்பது எனக்குத் தெரியாது. மதுரையில் ஒரு வைத்தியரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறார்; பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். இதற்கிடையில் செவ்வாய்க்கிழமை, சந்தையில்லாத நாளாகப் பார்த்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கழுத்தில் துண்டோடு என் வாசலில் வந்து நின்றார். "கும்பக்கரைக்குப் போலாம்ண்ணே, போறவரைக்கும்" என்றார். பெரியகுளம் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனபின் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தடவிக்கொண்டே, "அடுத்த செவ்வாய்க்கு வேற செருப்பு" என்றார்.