அடுப்பைச் 'சிம்'மில் வைத்த பொறியாளர்

பால் பொங்கி வரும்போது அடுப்பைச் 'சிம்'மில் வைப்போம். சுடர் சிறுத்துப் படபடக்கும். ஜன்னல் காற்று பட்டால் அணைந்தே போகும். ராக்கெட் எஞ்சினுக்கும் இதே தொல்லை உண்டு. அதைச் சீறி எரியவைப்பது ஒரு வித்தை என்றால், அணையாமல் தணித்து எரியவைப்பது இன்னொரு வித்தை.

நிலவில் இறங்க இந்த இரண்டாவது வித்தைதான் தேவைப்பட்டது. அங்கே காற்றில்லை, பாராசூட் உதவாது. உந்துவிசையைக் குறைத்துக்கொண்டே வந்து தரையைத் தொட வேண்டும். ஏறக்குறைய 4,500 கிலோ விசையில் எரியும் எஞ்சின், பத்தில் ஒரு பங்குவரை தணிய வேண்டும்.

வழக்கமான எஞ்சினில் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் பூவாளித் தலைபோலப் பல சிறு துளைகள் வழியே பீய்ச்சும். வரத்தைக் குறைத்தால் வேகமும் குறையும், இரண்டும் சரியாகக் கலக்காது, சுடர் தடுமாறும்.

அமெரிக்கப் பொறியாளர் ஜெரார்டு எல்வரம் இதற்கு வழி கண்டார். திரவங்கள் ஒன்றையொன்று தொட்டதும் எவ்வளவு விரைவில் பற்றிக்கொள்கின்றன என்று அறிய, 1950களில் ஓர் ஆய்வுக்கூடக் கருவி இருந்தது. பின்னாளில் டி.ஆர்.டபிள்யூ. என்றான நிறுவனத்தில், 1960 முதல் அந்தக் கருவியின் யோசனையை அவர் எஞ்சினாக வளர்த்தெடுத்தார். பெயர் 'பின்டில்', அதாவது முளை.

எஞ்சின் தலையின் நடுவில் ஒரே ஒரு முளை. ஒரு திரவம் அதன் நுனியிலிருந்து குடைபோல விரியும். மற்றது முளையை ஒட்டி மெல்லிய தகடாக இறங்கி அதில் மோதும். தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுகிறதல்லவா? இங்கே கட்டைவிரலின் வேலையைச் செய்வது, முளையில் நகரும் ஓர் உறை. வரத்து குறையும்போது அது வாயையும் குறுக்கும், வேகம் விழாது.

1969 ஜூலையில் அப்போலோ-11 கலத்தை நிலவில் இறக்கியது இந்த எஞ்சின்தான். மறு ஆண்டு அப்போலோ-13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, நிலவுக்கென வைத்திருந்த அதே எஞ்சின் விண்வெளி வீரர்கள் மூவரையும் பூமிக்குத் திருப்பியது. பாதையைத் திருத்த ஒருமுறை பத்து விழுக்காடு விசையில், சுமார் 14 விநாடி எரித்தார்கள். 'சிம்' உயிர் காத்தது.

பின்டிலுக்கு அடுத்து வேலை வந்தது ஏவுகணைத் தடுப்பில். காற்றுமண்டலத்துக்கு மேலே இறக்கைகள் பயன்படா. எதிரி ஏவுகணையை மோதி அழிக்கச் செல்லும் இடைமறிப்பான், பக்கவாட்டு எஞ்சின்களைச் சில மில்லி விநாடிகள் எரித்து அணைத்தே திரும்ப வேண்டும். குழாயை மூடிய பிறகும் நீர் சொட்டுவதுபோல எரிபொருள் கசிந்தால் குறி தவறும். பின்டிலில் உறை முழுக்க நகர்ந்து நுனியிலேயே வாயை அடைத்துவிடும், சொட்டுக்கு இடமில்லை. 1991 ஜனவரி 28 அன்று, பசிபிக்கின் குவாஜலின் தீவுகளுக்கு அப்பால், எரிஸ் இடைமறிப்பான் ஒரு போலி ஏவுகணை முனையை மோதியே தகர்த்தது. அதைத் திருப்பியவை பின்டில் எஞ்சின்கள்.

டி.ஆர்.டபிள்யூ.வில் இந்தத் தொழிலைக் கற்ற டாம் முல்லர், 2002இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குப் போனார். ஃபால்கன்-9 ராக்கெட்டின் அடியில் எரியும் ஒன்பது மெர்லின் எஞ்சின்களிலும் இன்று நடுவில் ஒரு முளை இருக்கிறது.