'அனுப்பிவிட்டேன்' என்பது சான்றாகுமா? மின்னஞ்சல் உரியவரைச் சேர்ந்ததை உறுதிசெய்வது எப்படி? சட்டம் கூறுவது என்ன?

புது தில்லி: காசோலை பணமின்றித் திரும்பியது தொடர்பான வக்கீல் நோட்டீஸ் முதல் ஜிஎஸ்டி துறையின் விளக்கக் கடிதம் வரை, ஒரு காலத்தில் பதிவுத் தபாலில் சென்ற பல ஆவணங்கள் இப்போது மின்னஞ்சலில் அனுப்பப்படுகின்றன. தபாலில் பெறுநர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை அனுப்பியவருக்குத் திரும்பி வரும். மின்னஞ்சலில் அத்தகைய அட்டை எதுவும் தானாக வருவதில்லை.

இந்நிலையில், 'அனுப்பப்பட்டவை' பெட்டியில் ஒரு கடிதம் இருப்பது, அது உரியவரைச் சென்றடைந்ததற்குச் சான்றாகுமா என்ற கேள்வி எழுகிறது. பணம், வேலை, வழக்கு ஆகியவற்றில் காலக்கெடு சம்பந்தப்படும்போது இதற்கான விடை மிக முக்கியமானதாகிறது.

மின்னஞ்சல் பயணிக்கும் வழி

அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன், கடிதம் முதலில் அனுப்புநரின் மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அந்த சர்வர், பெறுநரின் முகவரியில் '@' குறிக்குப் பின்னுள்ள பெயரைக் கொண்டு அவருக்குரிய சர்வரைக் கண்டறிந்து கடிதத்தை ஒப்படைக்கிறது. இந்தப் பரிமாற்றத்துக்கான விதிமுறை 'எஸ்எம்டிபி' எனப்படுகிறது. இது 1982-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

கடிதத்தை ஏற்றுக்கொண்டால் பெறுநரின் சர்வர் '250' என்ற எண்ணைப் பதிலாக அளிக்கும். அந்தக் கணம் முதல் கடிதம் அனுப்புநரின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால், அதன்பிறகு அது பெறுநரின் முதன்மைப் பெட்டிக்குச் சென்றதா, ஸ்பேம் பெட்டியில் விழுந்ததா என்பது அனுப்புநருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

முகவரி இல்லாதபோது பெரும்பாலும் '550' என்ற எண்ணுடன் கடிதம் நிராகரிக்கப்பட்டு, 'கடிதம் சேரவில்லை' என்ற அறிவிப்பு அனுப்புநருக்கு வரும். பெறுநரின் சர்வர் தற்காலிகமாகச் செயல்படவில்லை எனில், அனுப்பும் சர்வர் மீண்டும் மீண்டும் முயற்சி செய்யும். இம்முயற்சி நான்கைந்து நாள்கள் வரை தொடரலாம். எனவே, ஒரு மணி நேரத்தில் கடிதம் திரும்பி வரவில்லை என்பதை வைத்து அது சேர்ந்துவிட்டதாகக் கருத முடியாது.

முகவரியில் ஓர் எழுத்து மாறி, அந்த முகவரி வேறொருவருக்குச் சொந்தமானதாக இருந்தால் கடிதம் திரும்பி வரவே வராது. தவறான நபரிடம் சென்றுவிடும்.

'படித்துவிட்டார்' என்ற அறிவிப்பை நம்பலாமா?

மின்னஞ்சலில் இருவகை ஒப்புகைகள் உள்ளன. கடிதம் சர்வரை அடைந்ததைத் தெரிவிப்பது ஒரு வகை. பெறுநர் அதைத் திறந்ததைத் தெரிவிப்பது மற்றொரு வகை. முதல் வகை, இரு தரப்பு சர்வர்களும் அந்த வசதியை ஆதரித்தால் மட்டுமே கிடைக்கும். இரண்டாவது வகையை அனுப்ப மறுக்கும் உரிமை பெறுநருக்கு உண்டு. ஜிமெயிலில் இந்த வசதி அலுவலக, கல்வி நிறுவனக் கணக்குகளில் மட்டுமே உள்ளது. இலவசத் தனிநபர் கணக்குகளில் இல்லை.

விளம்பர நிறுவனங்கள் கண்ணுக்குப் புலப்படாத சிறு படம் ஒன்றைக் கடிதத்தில் வைத்து, அது தரவிறக்கம் ஆகும் நேரத்தைக் கொண்டு கடிதம் திறக்கப்பட்டதாகக் கணக்கிடுகின்றன. ஆனால், 2021 முதல் ஆப்பிள் நிறுவனம் தனது மின்னஞ்சல் செயலியில், பயனர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே தரவிறக்கும் பாதுகாப்பு வசதியை அளித்து வருகிறது. படங்களை முடக்கி வைத்திருப்பவர் கடிதத்தை முழுமையாகப் படித்தாலும் அது கணக்கில் வராது. எனவே, இம்முறை காட்டும் தகவல் இரு பக்கமும் தவறக்கூடும்.

சட்டம் கூறுவது என்ன?

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குத் தெளிவான விதிகளை வகுத்துள்ளது. அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, அனுப்புநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி அமைப்பில் நுழையும் நேரமே மின்னணு ஆவணம் அனுப்பப்பட்ட நேரமாகும்.

பெறுநர் ஒரு குறிப்பிட்ட முகவரியை அறிவித்திருந்தால், அதற்குள் ஆவணம் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம். அவர் திறந்து படித்தாரா என்பது இங்கு பொருட்டல்ல. அறிவித்த முகவரி இருக்க, அவரது வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரம்தான் பெறப்பட்ட நேரமாகும். முகவரி எதையும் அவர் அறிவிக்கவில்லை எனில், அவரது கணினி அமைப்பில் நுழையும் நேரமே கணக்கில் கொள்ளப்படும். இரு தரப்பினரும் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் அந்த உடன்பாடே செல்லும்.

12-ஆவது பிரிவு ஒப்புகை பற்றியது. அனுப்புநர் தனி முறை எதையும் கேட்காதபோது, பெறுநரின் பதில், தானியங்கிப் பதில், அல்லது கடிதம் கிடைத்ததை உணர்த்தும் அவரது நடத்தை ஆகிய எதுவும் ஒப்புகையாகலாம். 'ஒப்புகை கிடைத்தால் மட்டுமே இந்த ஆவணம் கட்டுப்படுத்தும்' என்று அனுப்புநரே நிபந்தனை விதித்து, ஒப்புகை வராவிட்டால், அந்த ஆவணம் அனுப்பப்படவே இல்லை என்று கருதப்படும்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

கரோனா பரவலின்போது, 2020 ஜூலை 10-ஆம் தேதி, நோட்டீஸ்களையும் சம்மன்களையும் மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் போன்றவற்றின் வழியாக அனுப்ப உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வாட்ஸ்ஆப் போன்ற செயலிகளில் அனுப்புவோர் அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும் என்று அப்போது நிபந்தனை விதிக்கப்பட்டது.

காசோலை வழக்குகளில், 13-ஆவது பிரிவின் நிபந்தனைகள் நிறைவேறினால் மின்னஞ்சல் நோட்டீஸ் செல்லும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-இல் தெரிவித்தது. இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு நாளும் முக்கியமானது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைப் பெற்ற நாளிலிருந்து பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசம் முடியும் முன் தாக்கல் செய்யப்படும் புகார் ஏற்கத்தக்கதல்ல என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே, நோட்டீஸ் கிடைத்த தேதியை நிரூபிக்க முடியாவிட்டால் வழக்கின் அடிப்படையே ஆட்டம் காணும்.

அதேவேளையில், தனிமனித சுதந்திரம் சம்பந்தப்படும் இடத்தில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டுகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவின்கீழ், விசாரணைக்கு ஆஜராகுமாறு காவல் துறை அளிக்கும் நோட்டீஸை வாட்ஸ்ஆப் அல்லது பிற மின்னணு வழிகளில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் அது உத்தரவிட்டது. அந்த நோட்டீஸுக்குக் கட்டுப்படாதவர் கைது செய்யப்பட வாய்ப்புள்ளதே இதற்குக் காரணம்.

அச்சுப் பிரதி மட்டும் போதாது

மின்னஞ்சலை அச்செடுத்து நீதிமன்றத்தில் அளித்தால் மட்டும் அது சான்றாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியுடன் உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். பதிவு திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் 'ஹேஷ்' மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும்.

ஆகவே, முக்கியக் கடிதங்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் அழிக்காமல் மூல வடிவிலேயே வைத்திருப்பது அவசியம். அலுவலகக் கணக்கிலிருந்து அனுப்பியவர்கள், பெறுநரின் சர்வர் கடிதத்தை ஏற்ற நேரத்தைக் காட்டும் பதிவைத் தங்கள் நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம் கேட்டுப் பெறலாம். இத்தகைய பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு நீக்கப்பட்டுவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

அனுப்புவோர் கவனத்துக்கு

ஒப்பந்தத்திலோ விண்ணப்பத்திலோ பெறுநர் குறிப்பிட்டுள்ள முகவரிக்கே அனுப்ப வேண்டும். 'கிடைத்தது என ஒரு வரி பதில் அளிக்கவும்' என்று கடிதத்திலேயே கேட்டு, அதற்கு ஒரு தேதியையும் குறிப்பிடலாம். பதில் வராவிட்டால் தொலைபேசியில் விசாரித்து, அந்த உரையாடலைக் குறிப்பிட்டு மீண்டும் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்.

சட்டப்படியான நோட்டீஸ் எனில் தபாலிலும் அனுப்புவது பாதுகாப்பானது. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் சேர்ந்ததாக, மாறாக நிரூபிக்கப்படும் வரை, 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அனுமானிக்கிறது. பதிவுத் தபால் சேவை 2025-இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது.

பெறுவோர் கவனத்துக்கு

ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆவது பிரிவின்படி, பதிவின்போது அளித்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதும், ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவேற்றுவதும் நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வழிமுறைகளில் அடங்கும். சிறு வணிகர் ஒருவர் தனது கணக்காளரின் முகவரியைக் கொடுத்து, பின்னர் கணக்காளர் மாறியிருந்தால், நோட்டீஸ் வந்ததே அவருக்குத் தெரியாமல் பதிலளிக்கும் அவகாசம் முடிந்துவிடக்கூடும்.

எனவே, வங்கி, வரித்துறை, காப்பீடு ஆகியவற்றில் பதிவான முகவரி இன்றும் தம் பயன்பாட்டில் உள்ளதா என்பதைச் சரிபார்த்து, மாறியிருந்தால் உடனே திருத்த வேண்டும். ஸ்பேம் பெட்டியையும் வாரம் ஒருமுறையேனும் பார்ப்பது நல்லது. ஜிமெயிலில் அப்பெட்டியில் விழும் கடிதங்கள் 30 நாள்களில் தானாகவே நீக்கப்பட்டுவிடும். 'நான் பார்க்கவில்லை' என்ற விளக்கம், தாமே அளித்த முகவரிக்கு வந்து சேர்ந்த கடிதத்தின் விஷயத்தில் எடுபடுவது கடினம்.