நியமன உறுப்பினரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

மலேசியாவில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. எடுத்துக்காட்டாக, பகாங் மாநிலத்தின் கேமரன் மலை வாக்காளர் பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டும், தானா ராத்தா அல்லது ஜெலாய் சட்டமன்றத் தொகுதிக்கு ஓர் ஓட்டும் போடுகிறார். கடைத்தெரு வடிகால், வியாபார உரிமம், சந்தை, பொதுப்பூங்கா, வீட்டு மதிப்பீட்டு வரி ஆகியவற்றைக் கையாளும் மாவட்ட மன்றத்துக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் உறுப்பினரைக் கேள்வி கேட்க மக்களுக்கு என்ன வழி என்பதே இங்கு பார்க்க வேண்டியது.

பகாங்கின் மிகச் சிறிய மாவட்டம் கேமரன் மலை. பரப்பளவு ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர். தெற்கே ரிங்லெட், பெர்த்தாம் வேலியில் தொடங்கி தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கோல தெர்லா வழியாக வடக்கே கம்போங் ராஜா, புளூ வேலி வரை ஊர்கள் நீள்கின்றன. மாவட்ட மன்றத்தின் தலைமையகம் தானா ராத்தாவில் உள்ளது. பகாங்கின் பல மாவட்டங்களில் அரசு ஊழியரான மாவட்ட அதிகாரியே மன்றத் தலைவராகவும் இருப்பது நெடுங்கால வழக்கம்.

மன்றங்களின் அமைப்பை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆவது சட்டம், வரையறுக்கிறது. அதன் 10ஆவது பிரிவின்படி, தலைவர் நீங்கலாக எட்டுப் பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பான்மையோர் அந்த வட்டாரவாசிகளாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவம், தொழிலில் பெற்ற சிறப்பு, தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் திறன் ஆகியவை தகுதிகள். பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது; மறுநியமனத்துக்குத் தடையில்லை. நடைமுறையில் மாநில ஆட்சியில் உள்ள கட்சிகள் இந்த இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மறுநியமனம் மாநிலத் தலைநகர் குவாந்தானில் முடிவாவதால், தம் வட்டாரத்தைவிடக் கட்சி மேலிடத்தையே உறுப்பினர் அதிகம் பார்க்க நேர்கிறது.

தேர்தல் இருந்த காலம்

இந்த நிலை எப்போதும் இருந்ததில்லை. ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பர் 1ஆம் தேதி நகராண்மைத் தேர்தல் நடந்தது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் நடந்தது. ஜார்ஜ்டவுன் 1957இல் மாநகரமானபோது அதன் முதல் மேயரானவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், ஓட்டு வாங்கி மன்றத்துக்கு வந்த ஒரு தமிழர் மாநகரத் தலைவராகவும் இருந்தார்.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச் 1ஆம் தேதி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் மீண்டும் நடக்கும் என்பதே அன்று சொல்லப்பட்டது. அதே ஆண்டில், மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (மஇகா) தலைவர்களில் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968 டிசம்பரில் முடிந்த அவரது அறிக்கை, குறைகள் இருந்தாலும் மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. மூன்றாண்டு கழித்தே அறிக்கை வெளியிடப்பட்டது. பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தல் விதிகளை அடியோடு செல்லாதவை ஆக்கியது.

தேர்தலை மீண்டும் கொண்டுவர பினாங்கு மாநிலம் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பேச்சு மறுபடி எழுந்தது. இனப் பிணக்குக்கு வழிவகுக்கும் என்று சொல்லி அன்றைய பிரதமர் மகாதீர் அதை நிராகரித்தார்.

தோட்டத்துக்குள் யார் பொறுப்பு?

கேமரன் மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. தேயிலைத் தோட்டம் தனியார் நிலம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களும் 1933இல் தொடங்கிய பாரத் நிறுவனத்தின் தோட்டங்களும் மாவட்டத்தின் அடையாளங்களாகவே மாறிவிட்டன. ஆனால் தோட்ட வாசலைத் தாண்டிய உள்சாலை, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வடிகால், குடிநீர், குடியிருப்பின் பழுதுபார்ப்பு ஆகியவை பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 446ஆவது சட்டமான 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. 2019இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தை அமல்படுத்துவது மன்றமன்று, மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிலாளர் இலாகா.

எனவே லயத்தில் ஒழுகும் கூரைக்கு மன்ற உறுப்பினரைத் தேடிப் போனால் அவரால் நேரடியாக ஒன்றும் செய்ய இயலாது. மேலும், மதிப்பீட்டு வரி கட்டுவது நிலத்துக்குச் சொந்தமான நிறுவனம். லயத்துக் குடும்பத்தின் பெயரில் வரிச்சீட்டு வருவதில்லை. தேயிலை பறிப்போரில் பெரும் பகுதியினர் இன்று வெளிநாட்டவர். அவர்களுக்கு எந்தத் தேர்தலிலும் ஓட்டில்லை. ஓய்வு பெற்றுத் தோட்ட வீட்டைக் காலி செய்து, ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ சொந்த வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம்தான் முதன்முறையாக வரிசெலுத்துவோர் என்ற தகுதியோடு மன்றத்தின் முன் நிற்கிறது.

இலங்கை மலையகத் தமிழர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அங்கே பிரதேச சபைக்குத் தேர்தல் உண்டு, தோட்டத் தமிழர் ஓட்டுப் போட்டு உறுப்பினரையும் அனுப்பினார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தத் தடை 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால்தான் நீங்கியது. ஓட்டு இருந்தும் அதிகார எல்லை தோட்ட வாசலில் நின்றுவிட்டால் உறுப்பினரைக் கேட்டுப் பயனில்லை என்பதற்கு அதுவே சான்று.

வெள்ளம் காட்டிய உண்மை

பொறுப்பு பல இலாகாக்களிடம் சிதறிக் கிடப்பதன் விலையைக் கேமரன் மலை 2013இல் கண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை, கனமழையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதை அடுத்து பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி ரிங்லெட், பெர்த்தாம் வேலி வட்டாரத்தில் சேற்று வெள்ளம் மீண்டும் உயிர்களைப் பலிகொண்டது. மலைச்சரிவுகளைச் சட்டவிரோதமாக வெட்டிக் காய்கறித் தோட்டம் போட்டதால் மண் கரைந்து ஆறும் ஏரியும் தூர்ந்துபோனது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. 2001இல் உள்ளூர்வாசிகள் தொடங்கிய ரீச் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு இந்த நிலச்சீரழிவைப் பற்றித் தொடர்ந்து குரல் கொடுத்து வந்தது.

யாரைக் கேட்பது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. நிலமும் தற்காலிக உரிமமும் மாவட்ட நில அலுவலகத்தின் கையில், அதாவது மாநில அரசிடம். ஆறு, வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம். அணை, மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலிடம். நகர வடிகாலும் கட்டட அனுமதியும் மாவட்ட மன்றத்திடம். மலையின் முதுகெலும்பான 59ஆம் எண் கூட்டரசுச் சாலை, பொதுப்பணி இலாகாவிடம். குப்பை அள்ளுவதுகூட மன்றத்தின் நேரடிப் பணியாக இல்லை. திடக்கழிவுச் சட்டம் 2011இல் பகாங்கில் அமலுக்கு வந்த பின் அது திடக்கழிவு நிர்வாகக் கழகமான எஸ்டபிள்யூ கார்ப்பின் மேற்பார்வையில் ஆலம் புளோரா நிறுவனத்திடம் போய்விட்டது. இந்தப் பங்கீட்டை அறியாமல் தொடுக்கும் புகார், ஒவ்வொரு கவுண்டரிலும் 'இது எங்களுடையதல்ல' என்ற பதிலோடு திரும்பி வரும்.

சட்டம் தரும் பிடிகள்

ஓட்டு இல்லை என்பதால் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கத் தேவையில்லை. 171ஆவது சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. மன்றமே அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால்தான் கதவைச் சாத்த முடியும். துணைக்குழுக் கூட்டங்களுக்கு இந்த உரிமை தானாகக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராம சபையில் ஊர்க்காரர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். இங்கே சட்டம் தருவது பார்க்கும் உரிமை மட்டுமே. ஆனாலும் தம் வட்டார உறுப்பினர் வந்தாரா, வாய் திறந்தாரா, எதை ஆதரித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள அது போதும். பெரும்பாலான ஊர்களில் பார்வையாளர் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

இரண்டாவது பிடி, மதிப்பீட்டு வரி. வீட்டின் ஆண்டு மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காடாக வரும் இந்த வரி, ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டப்படுகிறது. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் விதிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராக வேண்டும். அதில் குறை காண்பவர், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லையெனில் உயர் நீதிமன்றம் போகலாம். ஆட்சேபக் கடிதத்தோடு, இந்த வரிக்கு ஈடாக எங்கள் தெருவுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியையும் மக்கள் வைக்க முடியும்.

மூன்றாவது, மாவட்ட உள்ளூர்த் திட்டம். எந்தச் சரிவு விவசாயத்துக்கு, எது ஹோட்டலுக்கு, எது காடாகவே இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் ஆவணம் இது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் பெறப்பட்டு விசாரிக்கப்பட வேண்டும். நிலச்சரிவு அபாயமுள்ள மலையில், பிறகு போராடுவதைவிட இந்தக் கட்டத்தில் எழுதித் தரும் இரண்டு பக்கம் அதிகம் சாதிக்கும்.

நான்காவது, பணம் பற்றிய கேள்வி. மன்றத்தின் கணக்குகள் தணிக்கைக்கு உட்பட்டவை. தமக்குப் பண நலன் உள்ள விஷயம் கூட்டத்துக்கு வந்தால் உறுப்பினர் அதை வெளிப்படுத்த வேண்டும். குத்தகையில் கையூட்டு நடந்ததாக நம்பத்தக்க விவரம் இருந்தால் செல்ல வேண்டிய இடம் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம். தகவல் பெறும் உரிமையில் மட்டும் பகாங் பின்தங்கியிருக்கிறது. பினாங்கும் சிலாங்கூரும் தனித்தனியே தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றின. குத்தகை விவரம் கேட்கும் கேமரன் மலைவாசியிடம் அத்தகைய ஆயுதம் இல்லை.

ஐந்தாவது, நியமித்தவர்களிடமே போவது. உறுப்பினரின் நியமனத்தைத் திரும்பப் பெறும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. அந்த அரசை ஆட்டிப் பார்க்கும் ஓட்டு சட்டமன்றத் தேர்தலில் இருக்கிறது. கேமரன் மலையில் அந்த ஓட்டின் எடை அதிகம். 2018 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றி 597 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. பிறகு தேர்தல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்து 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. இத்தகைய தொகுதியில், வேலை செய்யாத மன்ற உறுப்பினரை மறுநியமனம் செய்தால் இழப்பு யாருக்கு என்பது எந்தக் கட்சிக்கும் தெரியும்.

புகாரை எழுதும் முறை

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பிரிஞ்சாங் கடைவரிசைக்குப் பின்னால் ஒரு வடிகால் அடைத்து, மழை பெய்தால் கழிவுநீர் கடைக்குள் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுத் திட்டுவதால் மன்றத்தில் எந்தப் பதிவும் உருவாவதில்லை. கடைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, இடம், நாள், நேரம், படம் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். மன்றக் கவுண்டரில் ஒரு பிரதியில் முத்திரை வாங்க வேண்டும், அல்லது சிஸ்பா எனும் அரசுப் புகார் முறையில் பதிந்து எண் பெற வேண்டும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு வட்டார உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும் நகல் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் 1971 முதல் இயங்கும் பொதுப் புகார் விவகாரப் பிரிவுக்கு மேல்முறையிடலாம். அப்போது மன்றம் என்ன செய்தது என்பதை விளக்க வேண்டிய பொறுப்பு மன்றத்தின் மேல் விழுகிறது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு முதல் கடிதம் நிர்வாகத்துக்கு, இரண்டாவது தொழிலாளர் இலாகாவுக்கு. தோட்ட வாசலுக்கு வெளியே உள்ள பொதுச்சாலை, பேருந்து நிறுத்தம், பள்ளி முன்னுள்ள வடிகால் என்றால் மன்றமோ பொதுப்பணி இலாகாவோ பதில் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை, கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தைத் தனி ஒருவரின் முறையீட்டைப்போல் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆதி நாகப்பன் ஆணையம் பரிந்துரைத்த தேர்தல் வரும்வரை இவையெல்லாம் பாதி வழிகளே. உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பும் உரிமைக்கு எந்தக் கடிதமும் ஈடாகாது. என்றாலும் 23ஆவது பிரிவைப் பயன்படுத்த எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த முழுக்கூட்டம் எந்தத் தேதியில் என்று மன்ற அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டாரத்துக்கு இருவராவது போய் உட்காருங்கள்.