அட்டையில் போட்ட வாட்டும் அறைக்குள் வரும் ஓசையும்

பருப்பு வரத்து, மிளகாய் விலை, வரி விவரம் என்று எழுதிவந்த நாம் இந்த மாதம் சப் ஊஃபர் பெட்டியைப் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் நம் உறுப்பினர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது ஹாலில் பெரிய டி.வி.யும், அதற்குக் கீழே நீளமான ஸ்பீக்கரும், மூலையில் கறுப்பாக ஒரு பெட்டியும் இருப்பதைப் பார்க்கிறோம். என்ன பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டால், 'வாட் அதிகம்' என்பதுதான் பதிலாக இருக்கிறது. மூட்டையில் கொக்கி போட்டு நாலு துவரம்பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கொள்முதல் செய்யாத நம்மவர்கள், இந்தச் சாமானை மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் தீபாவளிச் சமயத்தில், ஒரு தள்ளுபடி விற்பனையில் 18,500 ரூபாய் கொடுத்து ஒரு செட் வாங்கினார். அட்டையில் 15,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து நம்மிடம் வந்தார்.

"அண்ணாச்சி, பதினஞ்சாயிரம் வாட்டுன்னு போட்டிருக்கான். தொம் தொம்னு சத்தம் மட்டும் வருது, வசனம் ஒண்ணும் புரியமாட்டேங்குது."

"தம்பி, பெட்டியைத் திருப்பிப் பின்னால ஒட்டியிருக்கிற தகட்டைப் படிச்சுப் பாருங்க" என்றோம். மின்சாரம் எடுக்கும் அளவு 80 வாட் என்று அதில் இருந்தது. எண்பது வாட் உள்ளே வாங்கும் பெட்டி பதினைந்தாயிரம் வாட் வெளியே எப்படிக் கொடுக்கும்? எழுபத்தைந்து கிலோ மூட்டையிலிருந்து பத்து டன் அரிசி அளந்து போட்டதாகச் சொல்வது போலத்தான்.

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஒரு நொடியின் சிறு துளியில் அதிகபட்சமாக எவ்வளவு வரலாம் என்று கம்பெனிக்காரரே நினைத்துப் போட்டுக்கொள்ளும் எண் அது. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே இந்த வித்தை நடக்கிறது. நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் வாட். அதுதான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. ஒன்று சொல்லிவிட வேண்டும். தகட்டில் இருப்பது பெரும்பாலும் சாதாரண உபயோகத்தில் எடுக்கும் மின்சாரம். ஆகையால் நல்ல பெட்டியிலும் அது ஆர்.எம்.எஸ். எண்ணைவிடக் குறைவாக இருக்கலாம். அதில் தவறில்லை. 80-க்கும் 15,000-க்கும் உள்ள தூரம்தான் மோசடி. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்டை இப்படித்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. 2024-ல் அதை இன்னும் இறுக்கியது. நம் கடைத் தராசில் முத்திரை தவறினால் அபராதம் கட்டுகிறோம். வாட்டுக்கு நாமே முத்திரை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாட் விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 100 வாட் பெட்டிக்குப் பதில் 200 வாட் பெட்டி வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று எண்ணுகிறோம். அப்படி ஆகாது. சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 150-க்கும் 200-க்கும் நடுவில் கடைக்காரர் சொல்லும் விலை வித்தியாசத்தைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். அந்தப் பணத்தை வசனம் வரும் நடு ஸ்பீக்கரில் போட்டால் வீட்டில் உள்ள பெண்கள் நம்மை வாழ்த்துவார்கள்.

இந்தப் பெட்டியின் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வீட்டில் மாட்டும் சிறிய ஸ்பீக்கர்களால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக இறங்க முடியாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், இடி, வெடி, லாரி எஞ்சின் எல்லாவற்றின் அடிச்சத்தமும் அந்தக் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதை மட்டும் தனியாக எடுத்துக் கொடுப்பதுதான் சப் ஊஃபர். 1974-ல் 'எர்த்குவேக்' என்ற ஹாலிவுட் படத்துக்காகத் தியேட்டர்களில் பெரிய பெரிய பெட்டிகளை வைத்து நாற்காலி அதிரும்படி செய்தார்கள். 1992-ல் டால்பி டிஜிட்டல் வந்தபோது இந்த அடிச்சத்தத்துக்கென்றே தனித் தடம் ஒதுக்கினார்கள். '5.1' என்பதில் உள்ள அந்தப் புள்ளி ஒன்று அதுதான். முழு ஒலியில் ஒரு சிறு பகுதியை மட்டும் தாங்குவதால் அதை ஒன்றாக எண்ணாமல் புள்ளி ஒன்றாக எண்ணுகிறார்கள்.

இனி நம்மவர்களுக்கே உரிய ஒரு சங்கடத்துக்கு வருகிறோம். உத்தியோகத்தில் இருப்பவர் சாயங்காலம் ஏழு மணிக்குப் படம் பார்த்து முடித்துவிடுவார். நாம் கடை அடைத்து, கணக்கு முடித்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது மணி பத்தரை. ஊர் தூங்கும் நேரத்தில்தான் நமக்குப் பொழுதுபோக்கு. போதாக்குறைக்கு நம்மில் பலருக்குக் கீழே கடை, மாடியில் வீடு, பக்கத்துப் போர்ஷனில் குடித்தனம். ஒட்டு வீடுகள், ஒரே சுவர்.

சுவர் என்பது பேச்சுச் சத்தத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அடிச்சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வசனமும் பாட்டும் கேட்காது, தொம் தொம் மட்டும் போய்ச் சேரும். இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒலியைக் குறைக்கக் குறைக்க நம் காது அடிச்சத்தத்தை அதிகமாக இழக்கிறது. 1933-லேயே அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஒலியைக் குறைத்து வைத்தவுடன் 'பேஸ் போதவில்லை' என்று அந்தத் திருகை மட்டும் ஏற்றுகிறோம் அல்லவா, காரணம் இதுதான். நமக்கு அளவாகத் தெரிவது அடுத்த வீட்டுக் கட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

மேலே சொன்ன நண்பருக்கு நேர்ந்ததும் இதே. அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் பதினோரு வருஷமாக இருந்த வாடகைக்காரர், முதல் தேதி தவறாமல் வாடகை கொடுப்பவர், மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். இரண்டு தடவை மாடியேறி வந்து சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை வரவில்லை, அட்வான்ஸைக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்தப் போர்ஷன் நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. 18,500 ரூபாய்ப் பெட்டியின் அடக்க விலையை இப்போது கூட்டிப் பாருங்கள்.

சட்டமும் உண்டு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65-ம் 55-ம். பஜார் தெருவில்தானே இருக்கிறோம் என்று சொல்லித் தப்பலாம் என்று சிலர் நினைக்கலாம். தூக்கம் கெட்டவரிடம் அந்த வாதம் எடுபடாது.

ஆகவே நம்மவர்கள் பெட்டி வாங்கும்போது, 'எவ்வளவு சத்தம் வரும்' என்று கேட்பதற்கு முன், 'குறைந்த சத்தத்தில் எப்படி இருக்கும்' என்று கேட்க வேண்டும். கடையில் விற்பனைப் பையன் முழு ஒலியில் சண்டைக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவான். அதை நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரி வீட்டில் வைக்கும் அளவுக்குக் குறைத்து, முதலில் ஒரு ஆண் செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் அந்த செட் சரியில்லை, அல்லது சரியாக வைக்கப்படவில்லை. பிறகு நமக்குப் பழக்கமான ஒரு பாட்டு. பாதியில் சப் ஊஃபரை மட்டும் அணைக்கச் சொன்னால் ஏதோ ஒன்று குறைந்தது போல் தெரிய வேண்டும். மறுபடி போட்டால் அந்தப் பெட்டி இருக்கும் இடம் காதுக்குத் தெரியக்கூடாது. சாம்பாரில் பெருங்காயம் போல என்று வையுங்கள். 'நைட் மோட்' இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெடிச்சத்தத்தை அமுக்கி, வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும் வசதி அது. இரவு பத்தரை மணிப் பார்வையாளர்களுக்கு இருநூறு வாட்டைவிட இது உபயோகம்.

இப்படிக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் நேரில் கடைக்குப் போனால்தான் முடியும். மதுரையில் டவுன்ஹால் ரோடு, சென்னையில் ரிச்சி தெரு என்று இல்லாவிட்டாலும் உங்கள் ஊரிலேயே ஒரு நம்பகமான கடை இருக்கும். ஆன்லைனில் நூறு ரூபாய் குறைகிறது என்று போனால் காதால் கேட்டு வாங்கும் வசதி போய்விடும். நம் கடையில் விலை விசாரித்துவிட்டுப் போனில் ஆர்டர் போடுகிறவரைப் பற்றி நாம் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எட்டு அங்குலம் அல்லது பத்து அங்குல ஸ்பீக்கர் தாராளம். பதினைந்துக்கு இருபது ஹால் என்றால் பன்னிரண்டு. பெட்டியில் இரு ஜாதி உண்டு. ஓட்டை இல்லாமல் முழுக்க மூடியது ஒன்று, குழாய் போல ஓட்டை விட்டது ஒன்று. ஓட்டை உள்ளது அதே வாட்டுக்கு அதிக அதிர்வு கொடுக்கும், படத்துக்கு உற்சாகமாக இருக்கும். மூடியது அடக்கமானது, சின்ன அறைக்குப் பொருந்தும். பாட்டு விரும்பிகள் பலர் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். நம் கட்சி மூடிய பெட்டி. 'வயர்லெஸ்' என்று எழுதியிருந்தாலும் மின்சார வயர் கட்டாயம் வேண்டும். வைக்கும் மூலையில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். 'இருபது ஹெர்ட்ஸ் வரை இறங்கும்' என்று போட்டிருந்தால், பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத எண், கழிவு சொல்லாத சாம்பிள் மாதிரி.

வாங்கி வந்தபின் எங்கே வைப்பது? இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் 28 அடி. நம் அறையோ பன்னிரண்டு அடி. அலை சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும், ஓரிடத்தில் ஒன்றையொன்று கழித்து ஒன்றுமில்லாமல் செய்யும். சோபாவில் இந்த ஓரம் உட்கார்ந்தவர் அதிர்வதும், அந்த ஓரம் உட்கார்ந்தவர் 'ஒன்றும் கேட்கவில்லை' என்பதும் இதனால்தான். அறை மூலையில் வைத்தால் சத்தம் கூடும். தெளிவு பெரும்பாலும் குறையும். இதற்கு எளிய வழி உண்டு. பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பாட்டைப் போட்டுவிட்டுச் சுவர் ஓரமாகக் காதைத் தரையருகே வைத்துத் தவழ்ந்து வர வேண்டும். எந்த இடத்தில் அடிச்சத்தம் தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாம் நாற்காலிக்குத் திரும்பலாம். நம் வயதில் தவழ்வது சிரமம். பேரனை விட்டால் சந்தோஷமாகச் செய்வான்.

சத்தம் எந்தத் திருகில் பிரிகிறது என்பதையும் கவனியுங்கள். 80 ஹெர்ட்ஸில் பிரித்தால் பெரும்பாலான செட்டுகளுக்குச் சரியாக வரும். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. ரொம்பச் சின்ன ஸ்பீக்கர் என்றால் 100, 120 வரை ஏற்ற வேண்டிவரும். மாடி வீட்டுக்காரர்கள் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போடுவது நல்லது. தளத்தின் வழியாக இறங்கும் அதிர்வு குறையும். காற்றில் போகும் சத்தத்தை மேட் தடுக்காது, அதற்குத் திருகைக் குறைப்பதுதான் வழி. 'பெட்டி கடகடவென்று இரைகிறது' என்று புகார் சொல்கிறவர்கள் முதலில் பரண் மேல் உள்ள எவர்சில்வர் அண்டாவையும், இரும்பு பீரோ கதவையும், சாமி படங்களையும் கையால் பிடித்துப் பாருங்கள். பாதிப் புகார் அங்கே தீர்ந்துவிடும். விடாமல் 'ம்ம்' என்று ஒரு ஓசை வந்தால் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் பெட்டியில் இல்லை, எர்த் விஷயத்தில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய சாமானாக வாங்குகிறவர்கள் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள வளையத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். நுரை வளையம் நம் ஊர் ஈரத்திலும் சூட்டிலும் இற்றுப் பொடியாகிவிடும், ரப்பர் நீடிக்கும். நாலு விரலால் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்தும்போது உள்ளே உரசும் சத்தம் கேட்டால் விலை பேச வேண்டியதே இல்லை.

கடைசியாக, குடோனும் வீடும் ஒன்றாக உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டை வைத்த பெட்டி எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. உள்ளே போய் ஒயரையும் கூம்பையும் கடித்து வைத்துவிடும். வாரண்டியில் அது வராது. ஓட்டையில் துணி அடைத்தால் ஒலியின் தன்மையே மாறிவிடும். கண் பெரிய கம்பி வலையை வெட்டி, அதிராமல் இறுக்கிப் பொருத்திவிடுங்கள்.