ஓடுவதா, உள்ளே இருப்பதா?

ஆபத்து என்றதும் ஓடுவது மனித இயல்பு. ஆனால், நச்சு வாயுவோ கதிரியக்கப் பொருளோ காற்றில் கலக்கும்போது ஓட வேண்டுமா, எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பவைதான் உயிரைக் காக்கும் கேள்விகள். அவற்றுக்கான விடை விபத்துக்கு முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக விழித்து வீதிக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அமோனியா நீரில் எளிதில் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வதே நல்லது. போபாலில் 1984-இல் நச்சு வாயு பரவியபோதும், ஈரத்துணி என்ற எளிய அறிவுரை உரிய நேரத்தில் மக்களைச் சென்றடையவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் எரிபொருள், எரிவாயு டேங்கர்கள் செல்கின்றன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளமான இடங்களில் தேங்கும். அருகில் வாகனத்தை இயக்குவதும் மின்விசையைத் தட்டுவதும் தீப்பொறியாகிவிடும். டேங்கரில் ஆபத்துக் குறியீடும் நான்கு இலக்க எண்ணும் எழுதப்பட்டிருக்கும். 1075 என்றால் சமையல் எரிவாயு, 1203 என்றால் பெட்ரோல், 1005 என்றால் அமோனியா. தொலைவில் நின்று அந்த எண்ணைப் படித்து 112-க்குச் சொன்னால், தீயணைப்புப் படையினர் எதை எதிர்கொள்ளப் போகிறோம் என்று அறிந்தே வருவார்கள். இதை எந்தப் பள்ளியில் கற்பிக்கிறோம்?

இதே மாவட்டத்தின் கல்பாக்கத்தில் விதி வேறு. அணுமின் நிலையத்தில் கதிரியக்கக் கசிவு ஏற்பட்டால், முதலில் வீட்டுக்குள் சென்று கதவு, சன்னல்களை அடைத்து, உணவையும் நீரையும் மூடி வைத்து, அறிவிப்புக்குக் காத்திருப்பதே பொதுவான நெறி. அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொன்ன பின்னரே உட்கொள்ள வேண்டும். நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரை அவசரகாலத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. மாமல்லபுரமும் அதற்குள் அடங்கும். அவ்வப்போது ஒத்திகைகளும் நடக்கின்றன. ஆனால், ஒத்திகை நடக்கும் நாளில் ஊரில் இல்லாதவர், கடற்கரைக் கோயிலைக் காண வந்த பயணி, தமிழ் அறியாத கட்டுமானத் தொழிலாளி ஆகியோருக்கு யார் சொல்வது?

சட்டம் மௌனமாக இல்லை. அபாயகரமான ரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியவற்றையும் முன்கூட்டியே தெரிவிக்கும் கடமையை ஆலைகளுக்கு விதிக்கின்றன. அந்தக் கடமை, கோப்பில் உறங்கும் அறிக்கையோடு முடிந்துவிடக் கூடாது.

இவற்றைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று கேட்டு நம் மீனவர்கள் அலறுவதில்லை, படகைக் கரையேற்றுகிறார்கள். பீதியைத் தருவது அறிவு அன்று, அறியாமைதான்.

எனவே, சங்கொலி எதைக் குறிக்கிறது, உள்ளே இருப்பதா வெளியேறுவதா, எந்த எண்ணை அழைப்பது என்பவற்றை ஒரே தாளில் எளிய தமிழிலும், தேவையான இடங்களில் பிற மொழிகளிலும் அச்சிட்டு, நியாயவிலைக் கடை, பள்ளி, பேருந்து நிலையம், விடுதி எங்கும் ஒட்ட வேண்டும். கிராம சபைக் கூட்டங்களில் அதைப் படித்து விளக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்யாவிட்டால் கொடுக்கும் விலை உயிர்.