குடலில் ஓட்டை: எந்த ஆபரேஷன் நல்லது?

டைபாய்டு காய்ச்சல் வந்து மூன்றாவது வாரம். திடீரென்று வயிற்றில் பொறுக்க முடியாத வலி! வயிறு பலகை போல் இறுகி விடுகிறது. தொட்டாலே நோயாளி துடிக்கிறார்.

சிறுகுடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்பதற்கு இதுவே அடையாளம்.

சிறுகுடல் சுமார் 20 அடி நீளம் உள்ளது. அதன் கடைசிப் பகுதியில்தான் டைபாய்டு கிருமி புண் உண்டாக்கும். புண் ஆழமானால் குடல் துளைபட்டு விடும். உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கொட்டும். உடம்பெங்கும் விஷம் பரவும்.

1948-ம் ஆண்டில் டைபாய்டுக்கு குளோராம்பெனிக்கால் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் ஓட்டையை மருந்து அடைக்காது. ஆபரேஷன்தான் அடைக்க வேண்டும். அதில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

தையல்

ஓட்டை ஒன்றுதான், சுற்றியுள்ள குடல் நன்றாக இருக்கிறது. அப்போது ஓரத்தைச் சீவித் தைத்து விடுவார்கள். சீக்கிரம் முடியும். ஆனால் நைந்துபோன குடலில் தையல் நிற்காது.

வெட்டி இணைப்பது

அடுத்தடுத்துப் பல ஓட்டைகள் இருந்தால், அந்தத் துண்டையே வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். கெட்ட பகுதி போய்விடும். ஆனால் நேரம் பிடிக்கும். நோயாளிக்குத் தாங்கும் சக்தி வேண்டும்.

வெளியே பை

தாமதமாக வந்தவர், மிகவும் தளர்ந்தவர் என்றால், குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டு வந்து திறந்து வைப்பார்கள். மலம் ஒரு பையில் சேரும். உயிரைக் காக்க இது உதவும். ஆனால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் அதிகமாக வெளியேறும். சுற்றியுள்ள தோல் புண்ணாகும்.

"ஆயுள் முழுவதும் பையா?" என்று வீட்டார் கலங்குவது உண்டு. அப்படி அல்ல. உடம்பு தேறியதும், பெரும்பாலும் சில மாதங்களில், இன்னொரு ஆபரேஷன் செய்து குடலை உள்ளே வைத்து விடுவார்கள்.

எது நல்லது?

எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன் பொருந்தாது. ஓட்டை எத்தனை? விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று? நோயாளிக்குத் தெம்பு இருக்கிறதா? வயிற்றைத் திறந்து பார்த்த பிறகே டாக்டர் முடிவு செய்வார்.

இந்த மூன்றில் நேரம் மட்டும் வீட்டார் கையில் இருக்கிறது. வலி வந்ததும் பேதி மருந்து கொடுக்கக் கூடாது. சாப்பாடும் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

டைபாய்டே வராமல் தடுக்கவும் வழி உண்டு: கொதித்து ஆறிய தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவிய கை, தடுப்பு ஊசி.