மூங்கிலுக்குள் ஒரு தகப்பன்

தண்ணீரில் முட்டை, அதிலிருந்து தலைப்பிரட்டை, பிறகு கால் முளைத்து வால் சுருங்கித் தவளை. பள்ளியில் எல்லோரும் படித்த பாடம் இது. திருநெல்வேலிச் சீமையின் களக்காடு முண்டந்துறைக் காட்டில் வாழும் வெண்புள்ளிப் புதர்த்தவளை இந்தப் பாடத்துக்குள் அடங்குவதில்லை. ராவோர்செஸ்டஸ் சலசோடஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பச்சை உடம்பு, நீளம் ஓர் அங்குலம்தான்.

1876-ல் ஆல்பர்ட் குந்தர் இதை விவரித்து எழுதினார். ஆனால் 1874-க்குப் பிறகு இது யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. அழிந்தே போயிற்று என்று அஞ்சியவர்கள் உண்டு. மீண்டும் கிடைத்த செய்தி 2011-ல்தான் வந்தது. அதன் குடும்ப வாழ்க்கை வெளிச்சத்துக்கு வர 2014 ஆயிற்று, கே.எஸ். சேஷாத்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைக் கண்டறிந்தார்கள்.

இந்தத் தவளையின் வீடு, ஓடைக்கரைகளில் அடர்ந்து வளரும் ஒல்லியான மூங்கில். இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் அறை. பூச்சியோ எலியோ குடைந்த சின்னத் துளை வாசல். துளை அறையின் அடிப்பக்கத்தில் இருப்பதால் உள்ளே தண்ணீர் தேங்காது, ஆனால் ஈரம் காயாது. உடம்பை நெருக்கிக்கொண்டு ஆண் உள்ளே நுழைந்து, அங்கிருந்தே குரல் கொடுத்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து ஐந்து முதல் எட்டு முட்டைகள் வரை இட்டுவிட்டுப் போய்விடும். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. வெளியே வருவது கைகால் முளைத்த குட்டித் தவளை!

அதுவரை காவல் தகப்பனுடையது. மாலையில் இரை தேடச் சில மணி நேரம் வெளியே போவதைத் தவிர, அது முட்டைகளை விட்டு நகர்வதில்லை. அந்தக் காவலின் அருமை ஆணை அப்புறப்படுத்திப் பார்த்தபோது தெரிந்தது. காவலற்ற முட்டைகளில் பல பிழைக்கவில்லை. அவற்றைத் தின்றவற்றில் அதே இனத்தின் வேறு ஆண் தவளைகளும் உண்டு. என்னைக் கேட்டால், இந்த இனத்தின் கதையிலேயே மனத்தை உலுக்கும் இடம் இதுதான்.

துளை விழுந்த மூங்கில் எல்லா இடத்திலும் கிடைக்காது. காகிதக் கூழுக்கும் கூடை முடையவும் இந்த மூங்கிலை வெட்டுகிறார்கள். முட்டையிடும் காலத்தில் ஒரு தண்டு சாய்ந்தால், உள்ளே இருக்கும் தகப்பனும் குஞ்சுகளும் சேர்ந்தே போகும். இனப்பெருக்கம் முடியும்வரை, தவளை வாழும் இடங்களிலாவது வெட்டுக்கத்தியை ஒதுக்கி வைக்க வேண்டும்.